தவமணிக்கு ஏற்றிய உப்புத் தண்ணீர்

"ஷெல் வருது! குப்புறப் படுங்கோ!"

படுக்கிறேன். நீண்ட விசில் சத்தம். பிறகு இடி. ஓடுகள் முதுகில் விழுகின்றன. வெள்ளிக்கிழமை. காலை ஏழே கால். கிளிவெட்டிக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடம். ஆஸ்பத்திரியை அங்கே மாற்றி நாலு நாள். டொக்டர் இல்லை. தாதி நான் ஒருத்திதான்; எல்லாருக்கும் மிஸி.

தவமணியைக் கதவுப் பலகையில் கொண்டுவந்தார்கள். வயது இருபத்திமூன்று. வயிற்றில் ஷெல் துண்டு. தலைப்பக்கம் பிடித்து வந்தவன் அவள் புருஷன் கணேசன். நாடி நூலாக ஓடுகிறது. நரம்பில் ஏற்றும் சேலைன் முதல்நாளே முடிந்திருந்தது.

பழைய தாதியர் புத்தகத்தில் ஒரு முறை படித்திருந்தேன். நரம்பில் ஏற்றப் பழகுமுன் உப்புத் தண்ணீரை மலவாசல் வழியாகத்தான் ஏற்றினார்களாம். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றினேன். உப்புப் போட்டேன். வெறும் சேலைன் போத்தலில் ஊற்றி ஜன்னல் கம்பியில் கட்டினேன். ரப்பர் குழாய். சொட்டுச் சொட்டாக. கணேசன் தன் சேட்டைக் கழற்றி அவளை மூடினான்.

அவள் கேட்டது வாய்க்குத் தண்ணீர். வயிற்றுக் காயத்துக்கு வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது. வெட்டித் தைக்கும்வரை. மூதூர் இறங்குதுறைக்குப் போய்விட்டால் படகில் திருகோணமலை. அங்கே தைப்பார்கள். அந்த நம்பிக்கையில் மறித்தேன். கணேசன் செம்புத் தண்ணீரை அவள் வாயில் சரிக்கப் போனான். கையில் அடித்தேன். செம்பு உருண்டது.

பதினொன்றரைக்குச் செய்தி வந்தது. பாதை மூடியாயிற்று. படகும் இல்லை. இனி யார் தைக்கப்போகிறார்கள்? அப்போதாவது கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன். படித்த திமிர். "தண்ணி, மிஸி" என்றாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் போத்தலை மாற்றினேன்.

எங்கள் பக்கம் உயிர் போகிறவர் வாயில் ஒரு மிடறு விடாமல் அனுப்பமாட்டார்கள். பகையாளிக்கும் விடுவார்கள். கணேசன் அதைக் கேட்கப் பயந்தான். கேட்டால் அவள் சாகப்போகிறாள் என்று அவனே ஒத்துக்கொண்டதாகிவிடும்.

மூன்று மணி ஐந்து நிமிடம். நாடி இல்லை. போத்தல் இன்னும் சொட்டுகிறது. கணேசன் செம்பை எடுத்தான்.

"இப்ப குடுக்கலாமோ, மிஸி?"

ஓம் என்றேன். ஊற்றினான். கடைவாயால் வழிந்தது. என்னை நானே இன்றுவரை மன்னிக்கவில்லை.

அன்று அங்கே இறந்தவர்கள் ஒன்பது பேர். அதில் இரண்டு குழந்தைகள். ஒன்பதாவது தவமணி. அவளுக்குக் குழாயால் ஏற்றியது மூன்று போத்தல். உயிரோடிருந்தபோது வாய்க்குக் கொடுத்தது ஒன்றுமில்லை.