நாற்காலி வட்டத்துக்கு வெளியே ஒரு பிறந்தநாள்

— ஐயோ! தலைக்கு மேல என்ன இப்படி மணி அடிக்குது? தீப்பிடிச்சுடுச்சா?

— பயந்துக்காதீங்க அம்மணி. உங்க ஷூ கூடையில ஏறி மேல போகுதுங்க. அது போறப்ப மணி அடிக்கறது இந்த பீர் கடை வழக்கமுங்க. நான்தான் கடைக்காரன் ஆக்கீல்.

— என் ஷூவா? ஹார்மென், என் ஷூவையா கொடுத்தே?

— நீதானே ரென்ஸ்கே, மரச் சட்டத்துல நிக்கிற அந்த நெட்டைக் கிளாஸ்லதான் பீர் குடிப்பேன்னு அடம் பிடிச்சே? அந்தக் கிளாஸ் வேணும்னா ஒத்தை ஷூவை அடமானம் வைக்கணுமாம். நீ கால் வலின்னு மேசைக்கடியில கழட்டிப் போட்டிருந்தே. கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கொடுத்துட்டேன்.

— உன் ஷூவுக்கு என்ன கேடு?

— என் சாக்ஸ்ல ஓட்டை.

— அடமானம் கேக்காம விட்டா கிளாஸைக் கோட்டுக்குள்ள மறைச்சுக் கொண்டுபோயிடறாங்க அம்மணி. ஒரு பாதிரியாரே கொண்டுபோயிருக்காருங்க. கிளாஸ் திரும்பி வந்தாத்தான் கூடை இறங்கும். இந்தாங்க, நுரை அடங்கறதுக்குள்ள வாய் வையுங்க.

— ம்ம்... ஆஹா. சரி ஹார்மென், மன்னிச்சுட்டேன். இன்னைக்கு நான் யார்மேலயும் கோபப்படறதா இல்லை. ரெண்டு மியூசியம், ஒரு தேவாலயம், பீர்ல வேகவச்ச மாட்டுக்கறி, கை நிறைய உருளைக்கிழங்கு வறுவல். பிறந்தநாள்னா இதுதான்.

— பொறந்தநாளுங்களா? சொல்லவே இல்லையே! யாருக்குங்க?

— இவளுக்குத்தான். ஐம்பது.

— மைக் வச்சுச் சொல்லேன் ஹார்மென். அந்த மூலையில இருக்கறவருக்குச் சரியா கேட்கலை.

— ஐம்பதை இங்க வந்தா கொண்டாடறது? ஒல்லாந்துக்காரங்க ஐம்பதுன்னா ஊரையே கூட்டுவாங்கன்னு கேள்விப்பட்டேனுங்க.

— அதுக்குப் பயந்துதானே ஐயா எல்லை தாண்டி பெல்ஜியத்துக்கு ஓடி வந்திருக்கோம்! எங்க ஸ்வோல் ஊர்ல பிறந்தநாளுக்கு என்ன நடக்கும் தெரியுமா? கூடத்துல நாற்காலியை வட்டமா போடுவாங்க. வர்றவங்க ஒவ்வொருத்தரும் ஒரு சுத்து சுத்தி எல்லாருக்கும் கைகொடுக்கணும். எனக்குப் பிறந்தநாள்னா என் புருஷனுக்கும் வாழ்த்து, அவங்க அம்மாவுக்கும் வாழ்த்து, பக்கத்து வீட்டுக்காரிக்கும் வாழ்த்து. அப்புறம் ஒரு காபி, ஒரு துண்டு கேக். அப்புறம் உட்கார்ந்தே இருக்கணும். எழுந்தா நாற்காலி போயிடும்.

— ஒரே துண்டுங்களா? அப்போ பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஒண்ணு கொடுத்துட்டு உடனே மூடிடுவாங்கன்னு நாங்க உங்களைக் கிண்டல் பண்றது பொய்யில்லீங்க.

— பொய்யே இல்லை. எங்க அம்மா டப்பாவை மடியிலேயே வச்சுக்குவாங்க.

— இதுல ஐம்பதுக்குன்னு தனியா ஒரு கூத்து. வைக்கோல்ல கிழவி பொம்மை செஞ்சு, என் பழைய சட்டையை மாட்டி, வாசல்ல நிறுத்துவாங்க. தெருவுல போற தபால்காரர் வரைக்கும் என் வயசு தெரியணும். என் மாமியார் மூணு வாரமா அதைத் தச்சுட்டிருக்காங்க. இன்னைக்குக் காலையில இங்க கோட்டையில சித்திரவதைக் கருவியெல்லாம் வச்சிருந்தாங்களே, ஒண்ணுவிடாம பார்த்தேன். நாற்காலி வட்டம் மட்டும்தான் இல்லை.

— தேவாலயத்துல அந்தப் பழைய ஓவியத்தைப் பார்த்தீங்களா அம்மணி? நடுவுல ஒரு ஆட்டுக்குட்டி இருக்குமே?

— அது மனுஷ மூஞ்சியோட நேரா என்னையே முறைச்சுது. அப்படியே என் மாமியார்.

— எங்க அம்மாவைப் பத்தி அப்படிச் சொல்லாதே ரென்ஸ்கே. அம்மாவுக்குக் கண்ணு இன்னும் கொஞ்சம் பெரிசு.

— அப்போ வீட்ல என்ன சொல்லிட்டு வந்தீங்க?

— வாந்தி. ரெண்டு பேருக்கும். பயங்கரமா தொத்தும், யாரும் கிட்ட வராதீங்கன்னு நேத்து இவனைவிட்டுப் பேச வச்சேன். பாவம், அத்தை எல்லாரையும் வரவேண்டாம்னு சொல்லிட்டாங்களாம். எனக்கு வாழ்க்கையில ஒரே ஒரு பிறந்தநாள், நானா நினைச்ச இடத்துல உட்காரணும் ஐயா. அது மட்டும் அவங்களுக்குத் தெரிஞ்சுது, சாகற வரைக்கும் என் முகத்துல முழிக்க மாட்டாங்க.

— ரென்ஸ்கே.

— என்ன?

— போன். அம்மா.

— எடுக்காதே!

— எடுக்கலைன்னா ஆம்புலன்ஸை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. வா, வெளிய போய்ப் பேசலாம்.

— ஒத்தைக் காலோட எங்க வர்றது? கொட்டற மழை வேற. இங்கேயே பேசு. ஐயா, கொஞ்சம் எல்லாரையும் அமைதியா இருக்கச் சொல்லுங்களேன்!

— ஹலோ... அம்மா... ஆமாம்மா... இன்னும் நிக்கலை. இல்லை, அவளுக்கும்தான். படுத்திருக்கா.

— கறுப்பு பீர் யாருக்குங்க? கறுப்பு பீர், சீஸ் தட்டு!

— ஐயா, மெதுவா! ஹார்மென், யாருன்னு கேட்கறாங்களா?

— அது... டாக்டர்மா. வீட்டுக்கே வந்திருக்கார். என்னது, பேசணுமா? ஆக்கீல் ஐயா, தயவுசெஞ்சு...

— என்கிட்ட கொடுங்க. வணக்கமுங்க அம்மணி, டாக்டருங்க. ரெண்டு பேரும் பிழைச்சுக்குவாங்க. நிறைய திரவமா உள்ள போகணுங்க, அது போய்க்கிட்டுத்தான் இருக்கு. ஆமாங்க, நான் பெல்ஜியம் பக்கமுங்க. அங்க டாக்டருங்க அதிகமுங்க, அதான் உங்க ஊருக்கு வந்துட்டேன். இந்தாங்க சார், நல்லா பேசறாங்க உங்கம்மா.

— அம்மா, சொல்லுங்க... எங்க உட்கார்ந்திருக்கீங்க?... ஐயோ, ஏம்மா அப்படிப் பண்றீங்க... பின்னாடி என்ன சத்தம்? ரேடியோவா? சரிம்மா, ஒரு நிமிஷம். ரென்ஸ்கே, கையால மூடிக்கிட்டேன், கேளு. அம்மா அவங்க வீட்ல தனியா இருக்காங்களாம். யாரும் வரலைன்னாலும் நாற்காலியை வட்டமா போட்டிருக்காங்களாம்.

— தனியாவா?

— நீ உட்காரற நாற்காலியில அந்த வைக்கோல் பொம்மையை வச்சு, அதுக்குக் கைகொடுத்து வாழ்த்து சொன்னாங்களாம். உன் பங்கு கேக்கை அது முன்னாடி வச்சிருக்காங்களாம்.

— போதும் ஹார்மென்.

— பொம்மைக்கு உன் சாயல் நல்லா வந்திருக்காம். பார்த்தா அழுகை வருதாம்.

— போதும்னு சொல்றேனில்ல! இந்த பீர் இப்ப கசக்குது. நான் என்ன பொம்பளை! ஒரு கிழவி வெறும் நாற்காலிக்கு நடுவுல பொம்மையோட உட்கார்ந்திருக்கா, நான் இங்க காலை ஆட்டிக்கிட்டு... போனைக் கொடு.

— என்ன பண்ணப்போறே?

— உண்மையைச் சொல்லப்போறேன். சாயங்காலத்துக்குள்ள போய்ச் சேர்ந்து அந்த வட்டத்துல உட்காரப்போறேன்.

— ரென்ஸ்கே, இவ்வளவு தூரம் வந்துட்டு! இன்னும் ஒரு மியூசியம் பாக்கி இருக்கு!

— நீ பேசாதே. ஹலோ, அத்தை? நான்தான். இல்லை, படுக்கலை. எனக்கு ஒண்ணுமில்லை அத்தை. ஹார்மெனுக்கும் ஒண்ணுமில்லை. டாக்டரும் டாக்டர் இல்லை, பீர் ஊத்தறவர்.

— நல்லா ஊத்தறவருன்னு சொல்லுங்க அம்மணி.

— நாற்காலி வட்டத்துக்குப் பயந்துதான் அத்தை பொய் சொன்னேன். எல்லாம் என் யோசனை, உங்க பிள்ளை மேல தப்பில்லை. நாங்க வீட்லயே இல்லை. பெல்ஜியத்துல, கெண்ட்ல இருக்கோம். அத்தை? அத்தை, இருக்கீங்களா?

— அழறாங்களா?

— இல்லை, இரு... கெண்ட்ல எந்தப் பக்கம்னு கேட்கறாங்க.

— எதுக்காம்?

— தெரியலை. ரொம்ப அவசரமா கேட்கறாங்க. பழைய சந்தைக்குப் பக்கத்துலன்னு சொல்லிட்டேன். ஐயோ, இப்போ வெளியே என்ன இது? ஒண்ணும் காதுல விழலையே!

— மணிக்கூண்டுங்க அம்மணி. பாட ஆரம்பிச்சுடுச்சு. ஐம்பதுக்கு மேல மணிங்க சேர்ந்து அடிக்கும். இந்தப் பாட்டை எங்க ஊரை விட்டா வேற எங்கயும் கேட்க முடியாதுங்க.

— அத்தை, கொஞ்சம் இருங்க... இதே மணி, இதே பாட்டு உங்க போனுக்குள்ளயும் அடிக்குதே, நீங்க எந்தக் கடையில உட்கார்ந்திருக்கீங்க?