முழுக்கை

எனக்கு முப்பத்தெட்டு சைஸ் சட்டைதான் சரியாக இருக்கும். கல்யாணமான அன்றைக்கும் அதே அளவு, இன்றைக்கும் அதே அளவு. உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கிருந்துதான் தொடங்குகிறது, இன்ஸ்பெக்டர் மேடம். "நடந்ததை உங்க கையாலயே எழுதிக் குடுங்க, அவசரமில்ல" என்று சொல்லி நாலைந்து தாளும் பேனாவும் கொடுத்துவிட்டுப் போனீர்கள். எனக்கு அழகாக எழுத வராது. தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதுகிறேன்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். டாக்டர் இல்லை. இருபத்திரண்டு வருடமாக ஒரே கடை. முன்பக்கம் ஃபிரேம் அடுக்கிய அலமாரி, பின்பக்கம் திரை போட்ட ஒரு சின்ன அறை. அந்த அறையில் எழுத்துப் பலகை, ஒரு நாற்காலி, கண்ணுக்குள் காற்று ஊதி அழுத்தம் பார்க்கிற மெஷின். அழுத்தம் இருபத்தொன்றுக்கு மேல் போனால் அதைக் கார்டில் எழுதி, மஞ்சள் சீட்டு ஒன்று கிழித்துக் கொடுத்து, கண் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். அது கடையின் வழக்கம். அழுத்தம் ஏறினால் வலிக்காது, எரியாது. பார்வை ஓரத்திலிருந்து உள்பக்கமாகத் தேய்ந்துகொண்டே வரும். போனது திரும்ப வராது. ஆனால் சொட்டு மருந்து விட்டால் இருப்பது நிற்கும். எத்தனையோ பேருக்கு மஞ்சள் சீட்டு கிழித்திருக்கிறேன். இன்றைக்கும் அவர்கள் தெருவைக் கடக்கிறார்கள் என்றால் அதில் என் பங்கும் உண்டு. இதையும் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

என் மாமியார் உயரமான பெண்மணி. பக்கத்தில் நின்றால் என் தலை அவர் தோளுக்கு வரும். மாமனார் பஸ் கண்டக்டராக இருந்தவர். நான் கல்யாணம் செய்துகொண்டு போவதற்கு முன்பே இறந்துவிட்டார். மாமியாருக்கு ஒரு பழக்கம் இருந்தது. என் பிறந்தநாள் வந்தால் பரிசு. கல்யாண நாள் வந்தால் பரிசு. சும்மா கடைத்தெருப் பக்கம் போய்வந்தாலும் பரிசு. மகளுக்கு இல்லை, மகனுக்கு இல்லை, எனக்கு மட்டும்.

முதல் பரிசு ஒரு நீலச் சட்டை. அரைக்கை. நாற்பத்துநாலு சைஸ். போட்டுக் காட்டச் சொன்னார். தோள் தையல் முழங்கைப் பக்கம் இறங்கியது. அரைக்கை மணிக்கட்டுக்கு வந்துவிட்டது. சாப்பாட்டு மேஜையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

என் மச்சினன்தான் ஆரம்பித்தான். "ஏம்மா, அரைக்கைதானே வாங்கின. மச்சான் போட்டதும் முழுக்கை ஆயிடுச்சு. ஒரே துணில ரெண்டு சட்டை, லாபம்தான் போ."

"வாயை மூடுடா," என்றார் மாமியார். "மாப்பிள்ளை பெரிய ஆளு. தாராளமா இருக்கட்டும்."

மேஜை முழுக்கச் சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். புதுப்பெண், எல்லோரும் சிரிக்கும்போது அவள் மட்டும் எப்படிச் சும்மா இருப்பாள் என்று நான் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். அன்றிலிருந்து மச்சினனுக்கு நான் முழுக்கை. அவன் ஒருநாள் என் கடைக்கு வந்து "முழுக்கை உள்ள இருக்காரா" என்று கேட்டான். அன்றிலிருந்து கடைக்கும் நான் முழுக்கை. கவுன்ட்டரில் இருக்கும் பெண் போனை எடுத்து, "நீங்க நாளைக்கு வாங்க சார், இன்னைக்கு முழுக்கை லீவு" என்று சொல்வதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

நான் சமாளிக்காமல் இல்லை. முதல் மூன்று சட்டைகளைத் தையல்காரரிடம் கொண்டுபோனேன். அவர் விரித்துப் பார்த்துவிட்டு, "இதுக்குப் புதுசாவே ஒண்ணு தெச்சிடலாம் சார், பிரிக்கிற வேலை மிச்சம்" என்றார். அடுத்ததை யாருக்கோ கொடுத்தேன். மாமியார் விடவில்லை. "அந்தக் கோடு போட்ட சட்டை எங்க மாப்பிள்ளை, கண்ணுலயே காணோமே" என்று ஒரு வருடம் கேட்டார். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் கட்டிலுக்கடியில் ஒரு பெட்டியில் போட்டு வைத்தேன். அவர் வருகிற நாளில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்வேன்.

சட்டையோடு நிற்கவில்லை. நுனியில் காகிதம் அடைத்தால்தான் காலில் நிற்கிற ஷூ வாங்கி வந்தார். உட்கார்ந்தால் என் கால் தரையைத் தொடாத சாய்வு நாற்காலி வாங்கி வந்தார். ஒருமுறை பெரிய கண்ணாடி ஒன்றை வாங்கி, தச்சரையும் கையோடு கூட்டிவந்து, கூடத்துச் சுவரில் தன் முகத்துக்கு நேராக ஆணி அடிக்கச் சொன்னார். அதில் எனக்கு என் தலைமுடி மட்டும் தெரியும். முடி கொட்டிய பிறகு அதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் அதே வார்த்தை. "நீங்க பெரிய ஆளு மாப்பிள்ளை." என் உயரத்தில் இருக்கிற ஒருவனிடம் அதைச் சொன்னால் அதற்கு ஒரு அர்த்தம்தான் உண்டு. பதினைந்து வருடம் அதைக் கேட்டேன். ஒருநாளும் குரலை உயர்த்தவில்லை. என் மனைவியைக் கேளுங்கள், சொல்வாள்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் என் பிறந்தநாளன்று மாமியார் கடைக்கு வந்தார். ஒரு கையில் பொட்டலம். அதில் கோட்டு. கவுன்ட்டர் பெண், "போட்டுக் காட்டுங்க சார், பிறந்தநாளும் அதுவுமா" என்று பிடித்துக்கொண்டாள். வாடிக்கையாளர்கள் நாலு பேர் இருந்தார்கள். போட்டேன். அவர்கள் மரியாதைக்காக அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தோள் குலுங்குவது பின்னாலிருந்தும் தெரியும்.

மாமியார் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "வாசக்கதவு அடிக்கடி தோள்ல இடிக்குது மாப்பிள்ளை. நான் பெருத்துட்டேனா, வீடு சுருங்கிடுச்சான்னு தெரியல. அப்படியே கண்ணையும் பாத்துடுங்க."

கோட்டின் கைகளை நாலு மடிப்பு மடித்துவிட்டு மெஷினை இயக்கினேன். வலது முப்பத்தொன்று. இடது இருபத்தெட்டு. மறுபடி பார்த்தேன், அதேதான். அவர் காதுக்குப் பக்கத்தில் என் விரலை ஆட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை, நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எழுத்துப் பலகையைக் காட்டினேன். கடைசி வரிவரை தடங்கல் இல்லாமல் படித்தார். நடுப்பார்வை கடைசிவரை நன்றாகவே இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது.

"கடைசி வரியையும் படிச்சிட்டேன் பாத்தீங்களா. எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"வயசுக்கு ஏத்த மாதிரி இருக்கு, அத்தை," என்றேன்.

கார்டில் முப்பத்தொன்று, இருபத்தெட்டு என்று எழுதினேன். மஞ்சள் சீட்டுப் புத்தகம் மேஜை மேலேயே இருந்தது. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம், கோட்டைக் கழற்றிய பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அவர் வந்தபோது கையில் தொப்பி இருந்தது. அது என் காதைத் தாண்டி இறங்கியது.

வருடத்துக்கு ஒருமுறை வந்தார். முப்பத்துமூன்று. முப்பத்துநாலு. முப்பத்தாறு. நாலு வரியும் என் கையெழுத்துதான், நீல மை. யாரும் வற்புறுத்தவில்லை. ஏன் உண்மையான எண்ணை எழுதினீர்கள் என்று நீங்கள் கேட்டபோது எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. கார்டில் பொய் எண் எழுதுகிறவன் இந்தத் தொழிலில் இருக்கக் கூடாது.

மூன்றாம் வருடத்தில் அவர் கடைத்தெருவில் ஒரு தள்ளுவண்டி மேல் மோதினார். "எங்கேருந்துடி வந்தான் அவன், பூமியப் பொளந்துட்டு வந்த மாதிரி" என்று மகளிடம் ஆச்சரியப்பட்டார். அதற்குப் பிறகு தனியாகக் கடைக்குப் போவதில்லை. அந்த வருடம் என் பிறந்தநாளுக்கு ஒன்றும் வரவில்லை. நான் என் சொந்தச் சட்டையில் வேலைக்குப் போனேன். அந்த அமைதியை உங்களுக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை.

போன வருடம் அவர் நடைபாதையிலிருந்து இறங்கும்போது ஒரு ஸ்கூட்டர் இடித்தது. கை முறிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் கையைக் கட்டிவிட்டுக் கண்ணையும் பார்த்தார்கள். வலது கண் முடிந்துவிட்டது. இடது கண்ணில் ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற அளவுக்கு மிச்சம். "அதை விடாமப் பிடிச்சுக்கலாம்மா," என்றார் கண் டாக்டர். "காலையில எட்டு மணி, சாயங்காலம் எட்டு மணி, ஒரு சொட்டு. ஒரு வேளைகூட விட்டுடக் கூடாது."

என் மனைவி தன் அம்மாவை எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தாள். மருந்துப் பையை என் கையில் கொடுத்தாள். "நீங்களே விட்டுடுங்க. எனக்குக் கை நடுங்குது. கண்ணு விஷயம் உங்களுக்குத்தானே தெரியும்."

"அவரு கை பட்டாப் போதும்," என்றார் மாமியார்.

தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும்போது அவர் பேசிக்கொண்டே இருப்பார். ஒருநாள் மாமனாரைப் பற்றிச் சொன்னார். "அந்த மனுஷனுக்கு யூனிஃபார்ம் எப்பவும் ஒரு சைஸ் சின்னது. குடுக்கிறதைத்தான் போடணும்னு சொல்லிட்டாங்க. கையைத் தூக்கிக் கம்பியைப் பிடிச்சா அக்குள்ள கிழியும். சாயங்காலம் கழட்டினா உடம்பெல்லாம் கோடு கோடா சிவந்திருக்கும். வாயத் திறந்து யாரையும் கேக்க மாட்டாரு. நீங்களும் அதே ஜாதி, வாயத் திறக்க மாட்டீங்க. அதான் உங்களுக்காவது இறுக்காம இருக்கட்டும்னு பெரிசாப் பெரிசா வாங்கினேன்."

நான் சொட்டுக் குப்பியைப் பிடித்தபடி கேட்டேன். "என்னைப் பெரிய ஆளுன்னு எதுக்குச் சொல்லுவீங்க அத்தை?"

"இது என்ன கேள்வி? கண்ணைப் பாத்தே உள்ள என்ன இருக்குன்னு சொல்றவரு. இத்தனை வருஷம் என் கண்ணைப் பாத்துக்கிட்டது யாரு? நீங்க பெரிய ஆளு இல்லாம உங்க மச்சினப் பயலா?" பிறகு, "இந்த ஒரு கண்ணு கொஞ்சம் நிலைச்சிடட்டும். உங்க பொண்டாட்டி கையப் பிடிச்சிக்கிட்டாவது போய் உங்களுக்கு ஒரு நல்ல சட்டை எடுக்கணும்" என்றார்.

கன்னத்தில் வழிந்ததைப் பஞ்சால் துடைத்துவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து மறுபடி காட்டப் போனோம். அழுத்தம் முப்பத்தேழு. இடது கண்ணிலும் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. டாக்டர் குழம்பிப்போனார். "இந்த மருந்து கொஞ்சமாவது கேட்டிருக்கணுமே. பழைய அளவு எதாவது இருந்தா கொண்டாங்க, பாக்கலாம்." நான் வேலையாக வெளியே போயிருந்த நேரத்தில் என் மனைவி கடைக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். கவுன்ட்டர் பெண் கார்டை எடுத்துக் கொடுத்துவிட்டாள். கேட்டால் கொடுக்க வேண்டியதுதான், அவள் மேல் தப்பில்லை.

அன்று சாயங்காலம் மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டு கேட்டாள். "முப்பத்தொண்ணுன்னா என்னங்க?"

"அழுத்தம்."

"எவ்வளவு இருக்கணும்?"

"இருபத்தொண்ணுக்குள்ள."

அவள் கார்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த வாரம் நீங்கள் கூப்பிட்டீர்கள்.

நீங்கள் கேட்டது கார்டைப் பற்றி மட்டும்தான். அதற்குப் பதில் எழுதிவிட்டேன். ஆனால் பாதியைச் சொல்லிப் பாதியை மறைப்பது எனக்குப் பிடிக்காது. அதனால் நீங்கள் கேட்காததையும் எழுதுகிறேன்.

அந்த மருந்து கேட்டு அழுத்தம் இறங்கியிருந்தால், நாலு வருடத்துக்கு முன்னால் கொடுத்திருந்தாலும் இறங்கியிருக்கும் என்று ஆகிவிடும். எல்லாப் பழியும் என் தலையில் விழும். மருந்து விட்டும் இறங்கவில்லை என்றால், நான் அன்றைக்கே சொல்லியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது, விதி என்று விட்டுவிடுவார்கள். எனக்கும் மனது சமாதானமாகும். டாக்டர் அந்த எண்ணைப் படித்தபோது உண்மையிலேயே எனக்கு ஆறுதலாக இருந்தது. பார்த்தீர்களா, இறங்கவில்லையே என்றுதான் நினைத்தேன்.

சட்டைக் கதையைக் கேட்ட பிறகாவது நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். நிறுத்தலாம் என்று ஒருநாள் முழுக்க யோசித்தேன். அதற்குள் மூன்று மாதம் ஓடிவிட்டது. பாதியில் அழுத்தம் குறைந்தால் கேள்வி வரும்.

மாமியாரைக் கேட்டால், மாப்பிள்ளை ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை என்று சொல்வார். அது உண்மைதான். காலை எட்டு, சாயங்காலம் எட்டு, ஆறு மாதம், ஒரு நாள் தப்பாமல் விட்டேன். மருந்தைக் கழுவு தொட்டியில் ஊற்றிவிட்டு அதே குப்பியில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தேன். அதுவும் குழாய்த் தண்ணீர் இல்லை, மேடம், நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர். வயதானவர், கண்ணில் கிருமி எதுவும் போய்விடக் கூடாது.