வெறும் வயிற்றில் வரவும்

இந்த மனிதருக்கு டீயைச் சத்தமில்லாமல் குடிக்கத் தெரியாதா? நீங்கள் டேப் ரெக்கார்டரை அமுக்கிவிட்டு "சொல்லுங்க பிரபா" என்றபோது நான் நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான், தியோடர் ஸார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விசாரணைக்கு உங்களைப் போட்டதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் டீ வாசனை எனக்கு ஆகாது. அந்தக் கோப்பையை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள். உங்களுக்கும் தெரியும். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தார். மேலே ஏறி வந்ததும் அவருக்கு டீ வேண்டும். அதைக் குடித்துவிட்டு, நான் படிக்கிறேனா என்று பார்க்க என் தோளுக்கு மேல் குனிவார். அந்த மூச்சு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நாற்பத்தாறு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். எங்கள் ஊர் ஆண்களின் இதயம் சீக்கிரம் கெட்டுப்போவதற்குக் காரணம், யாருக்கும் தெரியாமல் உடம்பில் இருக்கும் சர்க்கரை நோய்தான் என்ற எண்ணம் மருத்துவம் படிக்கும்போதே எனக்கு வந்துவிட்டது. இருபது வருடம் அந்த எண்ணத்தோடு இருந்தேன். எண்கள் மட்டும்தான் இல்லை.

இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடினார்கள். வேலை போனவர்கள் விடியற்கால ரயிலில் பெங்களூருக்கு வந்து, அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் கம்பெனிகளிலும் செக்யூரிட்டியாக நின்றார்கள். நான் ஸ்டேஷன்களில் நோட்டீஸ் ஒட்டினேன். இலவச ரத்தப் பரிசோதனை, வெறும் வயிற்றில் வரவும் என்று. மூன்று மாதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி, டியூட்டிக்குப் போகும் முன் நேராக நம் ஆராய்ச்சி நிலையத்துக்கு நடந்து வருவார்கள்.

முதல் ஆள் உட்கார்ந்தார். கையில் ரப்பர் குழாயைக் கட்டிவிட்டுக் குனிந்தேன். டீ வாசனை. பால் ஆடை, ஏலக்காய், டீயில் ஊறிய வர்க்கி பிஸ்கட்டின் டால்டா. மீசையின் கீழ் விளிம்பில் பழுப்பாக ஒரு கோடு காய்ந்திருந்தது. ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.

"இல்லீங்க டாக்டரம்மா, வெறும் வயிறுதான். டீ மட்டும்தான்."

அவர் பொய் சொல்லவில்லை. அவர்கள் கணக்கில் இட்லியும் சோறும்தான் சாப்பாடு. டீ என்பது முகம் கழுவுகிற மாதிரி. ஸ்டேஷன் வாசலில் ஒரு டீ, அதில் நனைத்து இரண்டு வர்க்கி, பிறகு என்னிடம். அரை மணி நேரம் ஆகும். ரத்தத்தில் சர்க்கரை உச்சிக்கு ஏறும் அரை மணி அது. நாளைக்கு டீயும் குடிக்காமல் வாருங்கள் என்று திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். எனக்குத் தெரியும். ஊசி கையில் இருந்தது, எடுத்துவிட்டேன். இரண்டாவது ஆளிலிருந்து நான் கேட்கவே இல்லை.

எல்லோருமே டீ குடிக்கிறார்கள், ஆகவே எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் ஏறும், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது யோசித்தாலும் அது அவ்வளவு மோசமான வாதமாகப் படவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு வாய்கள், ஸார். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ரத்தம் எடுத்தேன். சிலர் பேசும்போது ஈரமான வர்க்கித் துணுக்கு என் மேஜைமேல் விழும். தினமும் அவர்கள் போன பிறகு டெட்டால் போட்டு மேஜையைத் துடைப்பேன். அப்புறம் நாற்காலியை. அப்புறம் முழங்கை வரைக்கும் என் கையை.

வெறும் வயிற்றில் நூற்றிருபத்தாறு இருந்தால் சர்க்கரை நோய். தொண்ணூற்று நான்கு பேர் அதைத் தாண்டினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர். இதை நம் கூட்டத்தில் காட்டியபோது நீங்களும் முன்வரிசையில் இருந்தீர்கள். அந்தத் தொண்ணூற்று நான்கு பேருக்கும் ஒரு வருடம் மாத்திரை கொடுத்துப் பார்க்க அனுமதி கிடைத்தது. அது சர்க்கரையைக் கீழே தள்ளும் மாத்திரை. நோய் உள்ளவனுக்கு மருந்து. இல்லாதவனுக்கு என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்பாதுரை அந்தத் தொண்ணூற்று நான்கில் ஒருவர். ஐம்பத்து மூன்று வயது, எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். சர்க்கரை என்று நான் சொன்னதும் சிரித்தார்.

"எனக்கா? எம் பொண்டாட்டி ஒரு நாளும் என்னை இனிப்புன்னு சொன்னதில்லியே டாக்டரம்மா."

ஒரு காலத்தில் நிறையக் குடித்தவராம். மகள் மோனிகா சர்ச்சில் முதல் நன்மை வாங்கிய அன்று அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்து குடியை விட்டாராம். பதினோரு வருடமாகத் தொடவில்லை என்று கேட்காமலே சொல்வார். மூன்றாம் மாதம் மாத்திரை வாங்க வந்தபோது, பதினோரு மணி ஆனால் கை நடுங்குகிறது, ஒரு டீ குடித்தால் சரியாகிவிடுகிறது என்றார். மாத்திரை சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்குகிறது என்று முதல் வருட மாணவிக்குக்கூடத் தெரியும். டீயைக் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

வருடம் முடிந்து இரண்டாவது பரிசோதனை. இந்த முறை ஒவ்வொருவரிடமும் நானே நேரில் சொன்னேன். மாத்திரையை விடியற்காலையில் வழக்கம்போலப் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் டீ ஒரு வாய்கூடக் கூடாது, குடித்தால் வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவேன். பயந்துவிட்டார்கள். தொண்ணூற்று மூன்று பேர் சுத்தமான வாயோடு வந்தார்கள். எல்லோருக்கும் சர்க்கரை இறங்கியிருந்தது. முதல் தடவை டீயோடு, இரண்டாம் தடவை டீ இல்லாமல். மாத்திரைக்குப் பதில் சாக்பீஸ் கொடுத்திருந்தாலும் எண் இறங்கியிருக்கும். நான் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்யவில்லை. அந்த நாற்றத்தை இன்னொரு முறை தாங்க முடியாது என்றுதான் தோன்றியது.

மீதி இருந்தவர் அப்பாதுரை. அன்றைக்கு ரயிலை ஒயிட்பீல்டுக்கு முன்னால் இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து வந்த உத்தமன் உங்களிடம் சொன்னதை என்னிடமும் சொன்னார். "டீக்காரன் மூணு தபா வந்தான். வேணாம்டா, டாக்டரம்மா வாயை மோந்து பாக்கும்னு சிரிச்சாரு." பிறகு வியர்த்திருக்கிறது. உளறியிருக்கிறார். எழுந்து நிற்க முடியாமல் பக்கத்தில் இருந்த பெண்மேல் சாய்ந்திருக்கிறார். காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறான் என்று எல்லோரும் தள்ளிப் போயிருக்கிறார்கள். கன்டோன்மென்ட்டில் இறக்கி பிளாட்பாரப் பெஞ்சில் படுக்கவைத்துவிட்டு உத்தமன் என்னிடம் ஓடி வந்தார். சக்கரை போட்டு டீ வாங்கிக் குடுக்கட்டுமா என்று கேட்டார்.

எதுவும் கொடுக்காதீர்கள், நான் வருகிறேன் என்றேன்.

என் பையில் குளுக்கோஸ் ஊசிமருந்து இரண்டு இருந்தது. பிளாட்பாரத்தில் கான்ஸ்டபிள் கோவிந்தப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டிருந்தார். குடித்திருக்கிறாரா மேடம் என்று கன்னடத்தில் கேட்டார். அப்பாதுரையின் வாயருகே குனிந்தேன். ஒரு வாசனையும் இல்லை. டீயும் இல்லை, சாராயமும் இல்லை. எங்கள் ஊர் ஆண் ஒருவரின் முகத்துக்குப் பக்கத்தில் அன்றுதான் நான் முழுசாக மூச்சு விட்டேன்.

குளுக்கோஸை முதலில் கொடுத்தால் தொண்ணூற்று நான்காவது எண் கெட்டுப்போகும். அதனால் ரத்தத்தை முதலில் எடுத்தேன். நரம்பு உள்ளே போயிருந்தது. இரண்டு முறை தவறியது. "டாக்டரம்மா, எதுனா குடுங்கம்மா" என்று உத்தமன் தலையைத் தாங்கிக்கொண்டே சொன்னார். ஒரு நிமிஷம் என்றேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். நான் குளுக்கோஸைத் திறந்தபோது அதற்கு வேலை இருக்கவில்லை. கோவிந்தப்பா மறுபடி கேட்டார். குடித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது என்றேன்.

அந்த ரத்தத்தில் சர்க்கரை இருபத்து நான்கு. எழுபதுக்குக் கீழே போகக் கூடாது. குழாயில் இருந்த மீதியைத் தொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். இறப்புச் சான்றிதழில் இதயம் நின்றது என்று எழுதியிருந்தார்கள். ஆகவே சர்க்கரை நோயாளிகளில் இதயநோயால் இறந்தவர்கள் என்ற பத்தியில் அவரைச் சேர்த்தேன். அங்கே அவர் சரியாகப் பொருந்தினார். வெளிநாட்டில் நான் வாசித்த கட்டுரையில் எல்லோரும் பாராட்டியது அந்தப் பத்தியைத்தான்.

நீங்கள் மாத்திரையை நிறுத்தி, உண்மையிலேயே வெறும் வயிற்றில் அந்தத் தொண்ணூற்று மூன்று பேரையும் சோதித்ததில் பதினோரு பேருக்குத்தான் நோய் இருக்கிறது என்கிறீர்கள். மறுக்கவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வேலையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இப்போது நீங்கள் உள்ளே அழைத்துவந்த அப்பாதுரையின் மனைவி ரோஸி கேட்டதை மட்டும் நான் யோசிக்க வேண்டியிருந்தது. அவள் அழவில்லை. அவர் குடித்துத்தான் செத்தார் என்று சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகள் முழுக்கப் பேச்சாம். சத்தியத்தை மீறிவிட்டார் என்று மோனிகா அப்பாவின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டாளாம்.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம் டாக்டரம்மா. அவரு குடிக்கலைன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. எம் பொண்ணு அந்தப் படத்தைத் திரும்ப மாட்டட்டும்."

ஸ்டேஷனில் டீ குடித்துவிட்டு வந்திருந்தாள். நான் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

நீங்கள் ஒரு வெள்ளைத் தாளையும் உங்கள் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினீர்கள். பேனாவை மூடி உங்களிடமே தருகிறேன். தாள் அப்படியே இருக்கட்டும். அன்றைக்கு அவர் ரத்தத்தில் நான் சர்க்கரையை மட்டும்தான் அளந்தேன். சாராயத்தை அளக்கவில்லை. அளந்து பார்க்காத எதையும் நான் இதுவரை எழுதிக் கொடுத்ததில்லை, ஸார்.