ஷட்டரைப் பற்றி நான் விளக்கியது

எனக்கு எழுத்து வந்தது நாற்பத்துமூன்று வயதில், ஐயா. அதுவரை பழைய காகிதக் கட்டுகளைச் சுமந்தேன். அதன்பிறகு படித்துப் பார்த்துவிட்டுச் சுமந்தேன். அப்படி ஒரு கட்டில் அகப்பட்டதுதான் மிரர்லெஸ் கேமராப் புத்தகம். அதில் ஷட்டர் பாடம் எனக்குத் தலைகீழாகத் தெரியும்.

மெக்கானிக்கல் ஷட்டரில் இரண்டு திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். 'டக்' என்று சத்தம் வரும். எலெக்ட்ரானிக் ஷட்டரில் திரையும் இல்லை, சத்தமும் இல்லை. படத்தை மேலிருந்து வரி வரியாக வாசிக்கும், என்னைப் போல. கடைசி வரிக்கு வருவதற்குள் ஓடுகிற பொருள் நகர்ந்துவிடும். சுழலும் இறக்கை படத்தில் வாழைப்பழமாக வளைந்து நிற்கும். இதைப் படித்த அன்று தனியாகவே சிரித்தேன்.

பழைய காகிதம் பிரிக்கும் எங்கள் கூடத்தில் தூசி உறிஞ்ச இரண்டு பெரிய விசிறிகள் உண்டு. பாதுகாப்புச் சோதனைக்கு வந்த அதிகாரியம்மா, ஓடிக்கொண்டிருந்த ஒன்றைத் தன் மிரர்லெஸ் கேமராவில் படம் எடுத்தார். இறக்கை வளைந்து தெரிந்தது. கழற்றிப் பார்க்காமல் ஓட்டக்கூடாது என்றார். மூன்று நாள் வேலை போகும் என்று முதலாளி தலையில் கை வைத்தார். அந்த விசிறிக்கு அடியில் நிற்பவர் மேஸ்திரி, என் தங்கை புருஷன்.

நான் கையைத் தூக்கினேன். மேஸ்திரி சிரித்தார்.

"எழுத்துக்கூட்டவே உங்களுக்குப் பொழுது போயிடும். நீங்க பாடம் எடுக்கப் போறீங்களா மச்சான்?"

"ரெண்டு நிமிஷம் குடுங்க மாப்பிள்ளை."

கேமராவைச் சத்தமில்லாத ஷட்டரில் வைத்து, பக்கத்து விசிறியை எடுக்கச் சொன்னேன். நான்கு இறக்கையும் நெளிந்தன. மெக்கானிக்கலுக்கு மாற்றி எடுத்தோம். நான்கும் நேர். முதல் படத்தை எந்த ஷட்டரில் எடுத்தார் என்று அதிகாரியம்மாவுக்கே நினைவில்லை. எங்கே படித்தீர்கள் என்று என்னைக் கேட்டார். முதலாளி தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினார். என் கால் தரையில் படவில்லை.

அப்போதுதான் அந்த முதல் படத்தை மறுபடி பார்த்தேன். வளைந்திருந்தது ஒரே ஒரு இறக்கை. மற்ற மூன்றும் அளவுகோல் வைத்தது போல் நேர். ஷட்டருக்கு ஓரவஞ்சனை கிடையாது. நெளித்தால் எல்லாவற்றையும்தான் நெளிக்கும். ஆனால் அதற்குள் எல்லோரும் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். என் ஆயுளில் எனக்கு விழுந்த முதல் கைதட்டு, ஐயா. அதைப் போய் யார் நிறுத்துவார்?

மேஸ்திரி என்னைக் கட்டிப்பிடித்தார். "தெரியாம பேசிட்டேன் மச்சான். இனிமே நீங்கதான் எங்க வாத்தியார்."

மறுநாள் காலை, கழற்றிப் பார்க்காமலே அந்த விசிறியைப் போட்டார்கள். அன்றைக்கு மட்டும் வாசல் பக்கத்தில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டேன். காற்று நன்றாக வந்தது. பத்தேகால் மணிக்கு அந்த இறக்கை கழன்று பறந்து மாப்பிள்ளை மேல் விழுந்தது. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூடத் தேவை இருக்கவில்லை.

தெரிந்துதான் சொல்லாமல் விட்டேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் விளக்கியதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. முடிக்கும்போது, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றும் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.