யஹ்யா அடுப்பு ரொட்டி

யஹ்யா: என்னது? திரும்பச் சொல்லு தங்கச்சி. காதுல சரியா விழல.

மதலேன்: ரொட்டி வேணாம் யஹ்யா நானா. எடுத்துட்டுப் போங்க.

யஹ்யா: வேணாமா? இன்னும் சூடுகூட ஆறல. கூடைய மூடுன துணிய நீ இன்னும் தூக்கிப் பாக்கவே இல்ல...

மதலேன்: பாக்க வேண்டியதில்ல. வாசத்துலயே தெரியுது. கருகிப்போச்சு.

யஹ்யா: கருகிப்போச்சா! என் ரொட்டியா? ஜொகூர் பாரு முழுக்கக் கேட்டுட்டு வா, யஹ்யா அடுப்புல என்னிக்காவது ஒரு ரொட்டி கருகியிருக்கான்னு!

மதலேன்: சத்தம் போடாதீங்க. உள்ள ஆளு சாப்பிடுறாங்க.

சாம்பசிவம்: என்னைப் பற்றிக் கவலைப்படாதேங்கோ. ரயில்வே கந்தோரில வேலை செய்யிற காது. எந்தச் சத்தத்தையும் தாங்கும்.

யஹ்யா: கிராணியாரே, நீங்களே சொல்லுங்க. நேத்து என் ரொட்டி எப்படி இருந்துச்சு?

சாம்பசிவம்: நேற்றையானோ? திறம். கடிக்கேக்க தோல் நொறுக்கெண்டு உடைஞ்சுது. உள்ளுக்கை மெத்து. அதுக்குள்ளை தங்கச்சி அப்பின வெண்ணெய், மெல்லிசா வெட்டின ஜாம்போன், அந்தப் பன்றித்துடை... ஆனா பாய், என்ரை மனுசி கேட்டா நான் இங்கை வெறும் தேத்தண்ணிதான் குடிக்கிறனான்.

யஹ்யா: கேட்டியா தங்கச்சி?

மதலேன்: அது நேத்து. இன்னிக்கு உப்பு கூட.

யஹ்யா: வாயில வைக்கவே இல்லையே, உப்பு எப்படித் தெரிஞ்சுச்சு?

மதலேன்: ...நேத்தும் கூடதான். சொல்ல வேணாமேன்னு இருந்தேன்.

சாம்பசிவம்: இல்லையே, நேற்று...

மதலேன்: கிராணியாரே, தட்டப் பாத்துச் சாப்பிடுங்க.

யஹ்யா: தங்கச்சி, இன்னிக்குப் பத்து மணி வண்டியில யாரு வர்றாங்கன்னு நெனவு இருக்கா?

மதலேன்: மறப்பேனா?

யஹ்யா: சிங்கப்பூர்ல நிக்குற பிரெஞ்சுக் கப்பல்லேருந்து இருபது பேரு. எதுக்கு? ரயிலேறி, பாலம் தாண்டி, ஒன் கடைக்கு வந்து திங்கிறதுக்கு. அங்க இல்லாத ஓட்டலா? பெரிய பெரிய ஓட்டல விட்டுட்டு, நாலு ஸ்டூல் போட்ட கடைக்கு வர்றானுங்க!

மதலேன்: இன்னிக்கு எட்டு ஸ்டூலு. தையல்கடையில இரவல் வாங்கியிருக்கேன்.

யஹ்யா: ஒன் கடையில தின்னுட்டுப் போன அந்தப் பிரெஞ்சுக்காரத் தோட்டத்துத் தொர போயிக் கப்பல்ல சொல்லியிருக்கான், ஊர விட்டு வந்தப்புறம் இப்படித் தின்னதே இல்லன்னு. அவன் பேச்ச நம்பி வர்றவங்களுக்கு எதுல வச்சுக் குடுக்கப்போற? உள்ளங்கையிலயா?

மதலேன்: வேற ரொட்டி வாங்கியாச்சு.

யஹ்யா: ...யாருகிட்ட?

மதலேன்: சீனன் கடையில. அந்தா, மேச மேல.

யஹ்யா: அலமாக்! அது ரொட்டியா? சக்கர போட்டு அவிச்ச பஞ்சு லா அது! விரலால அமுக்குனா அமுங்கினபடியே கெடக்கும்.

சாம்பசிவம்: எனக்கு இண்டைக்கு அதிலைதான் தந்தவா. உண்மையைச் சொல்லட்டோ? பல்லிலை ஒட்டிப்போட்டுது.

மதலேன்: கிராணியாரே!

யஹ்யா: நாகூர்ல எங்க வாப்பா சுட்டது குண்டு ரொட்டி. அததான் நானும் இங்க வந்து சுட்டேன். நிம்மதியா இருந்தேன். நீதான் வந்து நின்ன. ‘நானா, முழங்கை நீளத்துக்கு வேணும், தோலு மொறுமொறுன்னு வேணும், உள்ள ஓட்ட ஓட்டயா இருக்கணும்’ன. எத்தன நாள் மாவு வீணாச்சு? எம் பொஞ்சாதி ஜொஹரா, ‘இந்தக் கம்ப யாரு திம்பா’ன்னு கேட்டா. அடுப்புக்குள்ள தட்டுல தண்ணி வச்சு, ஆவி ஏத்தி, ஒருநாள் சரியா வந்துச்சு. ஓடியாந்து ஒன்கிட்ட குடுத்தேன். நீ காதுகிட்ட வச்சு ஒடச்ச. சத்தத்தக் கேட்டுட்டு அழுத.

மதலேன்: அழல. வெங்காயம்.

யஹ்யா: ரொட்டி, வெண்ணெ, அந்தச் சாமான். மூணுதான் ஒன் கடையில. வெங்காயம் எங்கேருந்து வந்துச்சு?

சாம்பசிவம்: ஹ... ஹஹ்ஹா...

மதலேன்: சிரிக்காதீங்க. வெண்ணெ உருகுது எனக்கு. ஐஸ் பொட்டிய மூடணும். நானா, போங்க. பேசிக்கிட்டே நின்னா...

யஹ்யா: போகமாட்டேன். ஒன் வாசப்படி தாண்டி உள்ள வந்ததில்ல, வரவும் மாட்டேன். ஆனா கடை முன்னாடி இந்த அஞ்சடி நடைபாத எல்லாருக்கும் பொது. இங்கேயே நிப்பேன். அந்த இருபது பேரு வரட்டும். ‘மிசியே, இதையும் பாரு, அதையும் பாரு’ன்னு காட்டுறேன்.

மதலேன்: ஒங்களுக்கு பிரெஞ்சு தெரியுமா?

யஹ்யா: என் ரொட்டிக்குத் தெரியும்.

சாம்பசிவம்: தங்கச்சி... சொல்லிப்போடுங்கோவன். இப்பிடி மறைச்சு என்ன...

மதலேன்: நீங்க சும்மா இருங்க.

யஹ்யா: எதச் சொல்லணும்?

மதலேன்: ஒண்ணுமில்ல.

சாம்பசிவம்: முஸ்தபா முதலாளியின்ரை கதையை.

யஹ்யா: ...முஸ்தபா முதலாளியா? அவருக்கு என்ன?

மதலேன்: கெடுத்துட்டீங்களே கிராணியாரே!

யஹ்யா: தங்கச்சி. என்னப் பாத்துச் சொல்லு.

மதலேன்: ...அவரோட மூணு காப்பிக்கடைக்கும் ஒங்க ரொட்டிதானே போகும்? நேத்து அந்தப் பக்கம் போனேன். மூணு கடையிலயும் வேற ஆளு ரொட்டி. எனக்குக் கண்ணு இல்லையா?

யஹ்யா: அதுக்கு?

மதலேன்: அதுக்கா? இவரு அங்க போய் உக்காந்து, ‘இந்த ரொட்டி சுடுற அடுப்புலதான் ஜாம்போன் கடை ரொட்டியும் வருது’ன்னு நாலு பேர் கேக்கச் சொல்லியிருக்காரு.

சாம்பசிவம்: பெருமையாத்தான் சொன்னனான்! ஒரே கையால ரெண்டு விதமான ரொட்டி, ரெண்டும் திறம் எண்டு...

மதலேன்: முதலாளி காதுல அது வேற மாதிரி விழுந்திருக்கு. அவர நான் குத்தம் சொல்லல. அவரோட மனசு, அவரோட கடை. ஆனா நானா, ரப்பர் வெல விழுந்து தோட்டம் தோட்டமா மூடுறான். இந்த நேரத்துல மூணு கடை போனா ஒங்க அடுப்பு எரியுமா? நான் எடுக்குறது ஒரு கூடை. அவரு எடுக்குறது ஒரு வண்டி.

யஹ்யா: அதனால...

மதலேன்: அதனால நான் வாங்கல. மதலேன் கடைக்கு யஹ்யா ரொட்டி போறதில்லன்னு ஊருக்குத் தெரிஞ்சா, அவரு மறுபடி எடுத்துக்குவாரு.

யஹ்யா: அதுக்கு என் ரொட்டி கருகிப்போச்சுன்னு சொல்லணுமா?

மதலேன்: வேற எதச் சொன்னா நீங்க போவீங்க? கஷ்டம்னா நிப்பீங்க. காசில்லன்னா சும்மா குடுத்துட்டுப் போவீங்க. ரொட்டியக் கொற சொன்னா மட்டும்தான் கோவிச்சுக்கிட்டுப் போவீங்க.

சாம்பசிவம்: பாய் போகேல்லையே.

யஹ்யா: இருபது பேரு முன்னாடி அந்தப் பஞ்ச வச்சா ஒன் பேரு என்ன ஆகும்னு யோசிச்சியா?

மதலேன்: யோசிச்சேன்.

யஹ்யா: ஒன் வீட்டுக்காரரு மவுத்தாப்போனப்ப, நீ நாலு வீட்டுல பாத்திரம் தேச்சுப் பொழைப்பன்னுதான் எல்லாரும் நெனச்சாங்க. நீ பலகையில பேரெழுதித் தொங்கவிட்ட. காரைக்கால்ல ஜட்ஜு தொர வீட்டு அடுப்படியில கத்துக்கிட்டத ஊருக்கே காட்டுன. சீனன்கிட்ட காலு வாங்கி, நீயே உப்புத்தண்ணியில ஊறப்போட்டு, நீயே அவிச்சு... அந்தப் பேரு போனா பரவாயில்லையா?

மதலேன்: பேரத் திரும்பச் சம்பாதிச்சுக்கலாம்.

யஹ்யா: பொய்யி.

மதலேன்: ...பொய்யிதான்.

சாம்பசிவம்: கேக்குதோ? ஊதுது. வண்டி பாலத்தில ஏறியிட்டுது.

மதலேன்: ஐயோ, மாதாவே...

யஹ்யா: கூடையப் புடி.

மதலேன்: நானா, வேணாம்...

யஹ்யா: புடிங்கிறேன். நான் சுடுறது மாவு, தண்ணி, உப்பு. ஒன் வாசப்படிக்கு அந்தப் பக்கம் நடக்குறது ஒன் தொழிலு. நான் தொடுறதுமில்ல, திங்கிறதுமில்ல. என் கூடைய நீயும் ஒருநாள் உள்ள எடுத்துட்டுப் போனதில்ல, இங்கேயே துணியில கொட்டிக்கிற. இத்தன வருசமா ரெண்டு பேரும் ஒழுங்காத்தானே இருந்தோம்? இந்தா, துணிய விரி.

மதலேன்: கிராணியாரே, அந்தச் சீனன் ரொட்டிய எடுத்து மறைங்க. சீக்கிரம்!

சாம்பசிவம்: எங்கை வைக்கிறது?

மதலேன்: ஒங்க கொடைக்குள்ள போடுங்க! ...இருங்க நானா. காலுல என்ன துணி சுத்தியிருக்கு?

யஹ்யா: ஒண்ணுமில்ல. கொப்புளம்.

மதலேன்: எப்படி வந்துச்சு?

யஹ்யா: நேத்து நானும் ஜொஹராவும் தெப்ராவ் பக்கம் மலாய்க் கம்பம் கம்பமா, வீடு வீடா நடந்து வித்தோம். ஒரு ரொட்டி மிச்சமில்ல தெரியுமா? ஒரு மலாய்க்காரம்மா நாளைக்கும் வாங்கன்னு சொன்னா.

மதலேன்: இந்தக் காலோடயா நாளைக்கும்? போதும். இவங்க சாப்பிட்டுப் போகட்டும். நானே முதலாளி வீட்டுக்குப் போறேன். அவரு சம்சாரம் என்கிட்ட நல்லாப் பேசுவாங்க. கையெடுத்துக் கும்புட்டுக் கேக்குறேன், யஹ்யா நானா ரொட்டிய நிறுத்தாதீங்கன்னு.

யஹ்யா: நீ போகக்கூடாது.

மதலேன்: போவேன். என்னாலதானே இது?

யஹ்யா: போனா எனக்குத்தான் அவமானம்.

மதலேன்: இதுல என்ன அவமானம்? அவரு நிறுத்துனாரு, மறுபடி எடுத்துக்கங்கன்னு கேக்கப்போறேன். அவ்வளவுதானே?

சாம்பசிவம்: தங்கச்சி, ஆக்கள் ஸ்டேசனால வெளியில வருகினம். தொப்பி தெரியுது. முன்னுக்கு வாறவர் உங்கடை பலகையைக் காட்டுறார்.

மதலேன்: வரட்டும். நானா, இதுக்குப் பதில் சொல்லிட்டுப் போங்க. நான் ஏன் போகக்கூடாது?

யஹ்யா: அவரு நிறுத்தல தங்கச்சி. ‘அந்த நீட்டு ரொட்டிய மட்டும் சுடாத, நாலாவது கடைக்கும் ஒன்கிட்டயே எடுக்குறேன்’னாரு. ‘முதலாளி, நான் சுடுறதுலயே நல்ல ரொட்டி அதுதான்’ன்னு சொல்லி, மூணு கடைக்கும் நிறுத்தினது நான்தான்.