தொட்ட கைகளுக்கு ஒரு பாராட்டு

தடயத்தின் மொழியறிந்த தகைசால் பெருமாட்டியே, ஓசூர் மண்ணில் ஓயாது ஒளிர்ந்த உயர்கல்வி விளக்கே, தடய அறிவியல் துறைத் தலைவர் வீரலட்சுமி அம்மையீர், வணக்கம்!

பணிநிறைவு விழா மடல் என்றால் புகழ்ந்தாக வேண்டும். ஆனால் அம்மையாருக்கு நடந்ததை மறைத்துவிட்டுப் புகழ எங்களுக்கு வாய் வரவில்லை. ஆகவே அவையோரிடமே சொல்லிவிடுகிறோம்.

ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் மாந்தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் இத்துறைக்குப் படிக்க வந்த நாளெல்லாம் அம்மையார் நடத்திய முதல் பாடம் ஒன்றே. குற்றம் நடந்த இடத்தின் வாசலில் நில், கைகளைப் பின்னால் கட்டிக்கொள், அழைக்காமல் உள்ளே போகாதே, எதையும் தொடாதே.

செய்முறை வகுப்பு நடந்துகொண்டிருந்த ஒரு காலையில் தொலைபேசி வந்தது. மூக்கண்டப்பள்ளி வாடகை வீட்டில் மகள் சுப்ரியா சமையலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றார் மருமகன். கல்லூரி வேனிலேயே அம்மையாரை அழைத்துப்போன மாணவர்கள், கற்றபடி கைகளைப் பின்னால் கட்டி வாசலில் நின்றார்கள். அம்மையார் நிற்கவில்லை. உயிரற்ற மகளின் தலையை மடியில் ஏந்தினார், முந்தானையால் இரத்தம் துடைத்தார், கலைந்த ஆடையைத் திருத்தினார், உடைந்த வளையல் துண்டுகளைப் பிள்ளைக்குக் குத்துமே என்று ஒதுக்கித் தள்ளினார். போலீஸ் வந்தபோது பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை.

மருமகன்தான் கொன்றார் என்று வழக்கு நடந்தது. கிருஷ்ணகிரி நீதிமன்றத்தில் மருமகனின் வக்கீல் அம்மையாரைக் கேட்டார்: “நீங்க நடத்துற முதல் பாடம் என்னங்கம்மா?”

“எதையும் தொடக்கூடாதுங்க.”

“நீங்க தொட்டீங்களா?”

“தொட்டேனுங்க.”

அத்தோடு வழக்கு முடிந்தது. மருமகன் விடுதலையாகி, ஜூஜுவாடி எல்லையைத் தாண்டிக் கர்நாடகம் போய் வேறு குடும்பம் நடத்துகிறார்.

அம்மையார் வகுப்புக்குத் திரும்பினார். ஒவ்வோர் ஆண்டும் புதுப் பிள்ளைகளிடம், “நான் தொட்டுட்டேன், எம் பொண்ணுக்கு நியாயம் கெடைக்கல. நீங்க தொடாதீங்க” என்றே பாடத்தைத் தொடங்கினார். அன்று முதல் அவர் கைகள் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தன. யார் குழந்தையையும் அவர் தூக்கி நாங்கள் பார்த்ததில்லை.

அன்று வாசலில் நின்றவர்களில் ஒருத்தி தமிழ்செல்வி. இன்று இதே துறையில் விரிவுரையாளர். போன வாரம் ஓய்வுபெறுமுன் தம் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது அம்மையார் அவளிடம் கேட்டார்: “ஏம்மா, அன்னைக்கு ஒருத்தராச்சும் உள்ள வந்து என்னைப் பிடிச்சு நிறுத்தியிருக்கக் கூடாதா?”

“கூப்பிடாம உள்ள வரக்கூடாதுன்னு சொல்லிக்குடுத்தீங்களே மேடம்.”

அம்மையார் தலையசைத்தார். “சரியாத்தான் படிச்சிருக்கீங்க” என்றார். தமிழ்செல்வி வீட்டுக்குப் போய் விடிய விடிய அழுதாள்.

அம்மையீர், நூறாண்டு வாழ்க என்று எழுதப் பேனா தயங்குகிறது. அத்தனை ஆண்டும் இதைச் சுமந்தா வாழ்வீர்கள்? உடல்நலம் மட்டும் உங்களைக் கைவிடாதிருக்கட்டும். எங்களால் திருத்த முடிந்தது எதுவுமில்லை, காலம் கடந்துவிட்டது. ஆயினும் இம்மடலை வாசித்து முடித்ததும், நீங்கள் அழைக்காமலே மேடையேறி, பின்னால் கட்டிய அந்தக் கைகளைப் பிடித்துக்கொள்ளப் போகிறோம்.

இவண்,
அன்று வாசலிலேயே நின்றுவிட்ட மாணவர்களும்,
தடய அறிவியல் துறை ஆசிரியர், அலுவலர் அனைவரும்