ஏலக்கூடத்துக் கூரையில் ஒரு காது

கூட்டத்தைக் கூட்டிய தலைவர் தனராஜ் அண்ணாச்சி அவர்களே, கடலோடு வாதாடிக் கரைசேரும் பெரியவர்களே, மீன்கூடையோடு குடும்பத்தையும் தலையில் சுமக்கும் தாய்மார்களே, மூச்சைப் பணயம் வைத்துச் சங்கு குளிக்கும் அண்ணன்மார்களே, திரேஸ்புரத்துப் பெண்பிள்ளை ஒருத்தியின் வணக்கம்.

"ஏளா, மைக்க வாய்ப்பக்கம் பிடி" என்கிறார் அந்தோணியம்மாள் மாமி. பிடித்துவிட்டேன் மாமி. சொல்ல வந்ததைச் சொல்லாமல் விடமாட்டேன்.

நம் மீன் ஏலக்கூடத்துக் கூரையில் ஆய்வாளர்கள் வைத்த செயற்கைக்கோள் கருவியைக் கழற்றுவதா, காப்பதா? அதை முடிவுசெய்யத்தான் கூடியிருக்கிறோம். கழற்றச் சொல்லும் காரணம் எனக்கும் தெரியும். சங்கு கிடக்கும் இடத்தை நாம் சொந்த மச்சானுக்கும் சொல்வதில்லை. கரை தொடுமுன் ஜி.பி.எஸ்ஸில் குறித்ததை அழித்துவிடுவோம். அந்த இடத்தையெல்லாம் கருவி களவாடிவிடும் என்று பயந்து, ரெக்ஸ் அண்ணன் போன மாதம் அதன்மேல் அலுமினிய அண்டாவைக் கவிழ்த்துவிட்டார். ஆய்வாளர் விஜிலா அக்கா வந்து எடுக்கும்வரை கருவி செவிடாகக் கிடந்தது.

"மழ ஒழுகுச்சுன்னுதாம்ளா கவுத்தேன்" என்கிறார் ரெக்ஸ் அண்ணன். பங்குனி வெயிலில் எந்த மழை அண்ணே?

சிரித்தது போதும். கேளுங்கள். அந்தக் கருவிக்குக் கண் உண்டா? இல்லை. வாய் உண்டா? நம் படகோடு பேச அதற்கு வாயும் இல்லை. செயற்கைக்கோள் அனுப்பும் சிக்னலைக் கேட்கும் காது மட்டுமே உண்டு. உங்கள் படகின் ஜி.பி.எஸ்ஸும் அப்படித்தான், கேட்கும், யாருக்கும் சொல்லாது. பிறகு எதைத் திருடும்?

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். புரியும்வரை விஜிலா அக்காவை விடவில்லை. ஆழ்கடலில் நிலம் அதிர்ந்து சுனாமி எழுந்தால் கடல் அசையும். கடல் அசைந்தால் காற்று அசையும். அந்த அசைவு ஏற ஏற வலுத்து, மின்துகள் நிறைந்த மேல்வானத்தையே உலுக்கும். அதைக் கடந்து வரும் சிக்னல் தடுமாறும். பல ஊர்க் கருவிகள் அந்தத் தடுமாற்றத்தைச் சேர்ந்து கேட்டால், அலை கரைக்கு வருமுன்னே கண்டுகொள்ளலாம்.

"எப்பவும் சரியாச் சொல்லிருமாக்கும்?" பின்வரிசையில் நியாயமான கேள்வி. சொல்லாது. இன்னும் சோதித்துப் பார்க்கிற முறைதான். இருக்கிற எச்சரிக்கைகளுக்கு இதுவும் ஒரு துணை.

எச்சரிக்கை வந்தால் கரையில் நிற்பவர் ஓடிவிடுவார். காற்றுக்குழாயைக் கடித்துக்கொண்டு கடலடியில் தவழும் என் அண்ணன் வளனுக்குச் செல்போன் கேட்குமா? கோயில் மணி கேட்குமா? படகில் இருப்பவர் கயிற்றை இழுத்தால்தான் தெரியும். இழுத்ததும் பாய்ந்து ஏறலாமா? அப்படி ஏறியவர்கள் கைகால் முடங்கிக் கிடப்பதை நம் தெருவிலேயே பார்க்கவில்லையா? ஆழத்திலிருந்து நின்று நின்றுதான் ஏற வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் கேட்கிறேன். சங்கு இடத்தை இழந்தால் வேறிடம் தேடலாம். அண்ணனை இழந்தால் எங்கே தேடுவது?

"இப்பம் என்னளா செய்யணுங்குற?" என்கிறார் தலைவர்.

கருவி இருக்கட்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் அண்ணாச்சி. கடலுக்கடியில் போகிறவர்களின் வீட்டுப் பெண்கள் முதலில் தூக்கட்டும். என் கை மேலேதான் இருக்கிறது. நீங்கள் எண்ணி முடிக்கும்வரை மேடையைவிட்டு இறங்கமாட்டேன்.

குறுக்கே கேட்டவர்களுக்கும் கூடவே நின்றவர்களுக்கும் நன்றி, வணக்கம்.